பிள்ளையைப் போலீஸ் பிடித்துச் சென்றால்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்காகவோ வியாபாரத்துக்காகவோ டர்பன், ஜோஹானஸ்பர்க், பிரிட்டோரியா ஆகிய நகரங்களுக்கு வந்து குடியேறும் குடும்பங்கள் வீட்டு வாடகையையும் பள்ளிச் சேர்க்கையையும் விசா புதுப்பிப்பதையும் பற்றி நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கின்றன. பதினைந்து வயது மகனைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் முன்கூட்டியே விசாரிப்பதில்லை. அப்படி ஒரு நாள் வந்துவிட்டால், விசாரிக்க நேரமும் இருப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த நாளுக்காக எழுதப்பட்டது. 18 வயது நிரம்பாத பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே இதைப் படிப்பது நல்லது.

இந்த நாட்டின் அரசியலமைப்பு (1996) 18 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொருவரையும் குழந்தை என்றே கருதுகிறது. அதன் 28ஆம் பிரிவின்படி, வேறு வழியே இல்லாதபோதுதான் குழந்தையை அடைத்து வைக்கலாம். அதுவும் மிகக் குறைந்த காலத்துக்கு மட்டுமே. அந்தக் காலத்திலும் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. இந்தப் பிரிவை நடைமுறைப்படுத்துவது 2008ஆம் ஆண்டின் 75ஆம் எண் சட்டமான குழந்தைகள் நீதிச் சட்டம். இங்குள்ளவர்கள் இதைச் சைல்ட் ஜஸ்டிஸ் ஆக்ட் என்பார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பிள்ளையைப் பெற்றோரிடம் திருப்பி அனுப்புவதற்கே அந்தச் சட்டம் முதலில் வழி தேடுகிறது. ஆனால் பெரியவர் ஒருவர் வயதுச் சான்றோடு காவல் நிலையத்தில் நேரில் போய் நின்றால்தான் அந்த வழி எளிதாகத் திறக்கும். பயத்தினாலோ வெட்கத்தினாலோ வீட்டிலேயே இருந்துவிடும் குடும்பத்தின் பிள்ளைதான் அதிக நேரம் உள்ளே இருக்க நேரிடுகிறது.

இன்றே எடுத்து வைக்க வேண்டியவை

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா ஒட்டப்பட்ட பக்கம், பள்ளியில் சேர்ந்ததற்கான கடிதம் ஆகியவற்றின் நகல்களை ஒரு உறையில் போட்டு வையுங்கள். அவற்றின் படங்களை உங்கள் கைப்பேசியிலும் சேமித்து வையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் வயதுச் சான்று. நம் பிள்ளைகளில் சிலர் பதினாறு வயதிலேயே மீசையும் உயரமுமாக வளர்ந்துவிடுவார்கள். அவர்களைப் பெரியவர் என்று தவறாகப் பதிவுசெய்துவிட்டால் அடுத்தடுத்த எல்லா நடவடிக்கைகளும் தவறான பாதையில் போகும். வயது குறித்துச் சந்தேகம் இருந்து, குழந்தையாக இருக்கக்கூடும் என்று கருத இடமிருந்தால், குழந்தையாகவே நடத்த வேண்டும் என்றுதான் சட்டம் போலீசுக்குச் சொல்கிறது. என்றாலும் பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் காட்டினால் அந்தப் பேச்சு ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிள்ளைக்கு உங்கள் கைப்பேசி எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். கைது செய்தவுடன் பிள்ளையின் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்குள் சேமித்து வைத்த எண் அப்போது உதவாது. லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா என்ற அரசு சட்ட உதவி அமைப்பின் கட்டணமில்லா எண் 0800 110 110. அதையும் எழுதி வையுங்கள்.

தெருவில் போலீஸ் நிறுத்தும்போது

ஓடக் கூடாது, கையை உதறக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது. பெயர், வயது, வீட்டு முகவரி, பெற்றோரின் எண் ஆகிய நான்கையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் சம்பவத்தைப் பற்றி எது கேட்டாலும், “எனக்குப் பதினாறு வயது, என் அப்பா அம்மாவும் வக்கீலும் வந்த பிறகு பேசுகிறேன்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். இதை ஆங்கிலத்தில் பிசகாமல் சொல்லப் பிள்ளையை வீட்டிலேயே நாலைந்து முறை பழக்கிவிடுங்கள். உடலைச் சோதனையிடுவதானால் பெண் பிள்ளையைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். சோதனை கண்ணியமாகவும் நடக்க வேண்டும்.

எந்த வயதுப் பிள்ளை என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது. பிள்ளை மீது வழக்குத் தொடரக் குறைந்தபட்ச வயது எல்லை ஒன்று உண்டு. சட்டம் வந்தபோது 10 வயதாக இருந்த அந்த எல்லை 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் 12 ஆக உயர்ந்தது. அந்தத் திருத்தம் 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 12 வயது நிரம்பாத குழந்தையைக் கைது செய்யவோ வழக்குத் தொடரவோ முடியாது. பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டு நன்னடத்தை அதிகாரிக்கு (புரொபேஷன் ஆபீசர் எனப்படும் சமூகப் பணியாளர்) தகவல் தர வேண்டும். 12 வயது நிரம்பி 14 நிரம்பாத பிள்ளைக்குத் தான் செய்தது குற்றம் என்று உணரும் பக்குவம் இல்லை என்றே சட்டம் முதலில் கருதும்; பக்குவம் உண்டு என்பதை அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தாக வேண்டும். 14 நிரம்பியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. சட்டத்தின் மற்ற பாதுகாப்புகள் எல்லாம் உண்டு.

சிறு குற்றமானால் கைதே கூடாது

குற்றங்களைச் சட்டம் மூன்று அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் அட்டவணையில் 2,500 ரேண்டுக்கு மேற்படாத திருட்டு, சாதாரண அடிதடி, அத்துமீறி நுழைதல் போன்றவை வருகின்றன. இரண்டாவதில் வீடு புகுதல், கடுமையான காயம் உண்டாக்குதல் போன்றவையும், மூன்றாவதில் கொலை, பாலியல் வன்முறை, ஆயுதக் கொள்ளை போன்றவையும் அடங்கும். கடையில் சாக்லேட்டோ சாதாரண ஹெட்போனோ எடுத்த பிள்ளை முதல் அட்டவணையில்தான் வருவான். இத்தகைய குற்றத்துக்குத் தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் பிள்ளையைக் கைது செய்யக் கூடாது. நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் எழுத்து மூல அறிவிப்பைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கொடுத்தால் போதும். காவல் நிலையத்தில் பேசும்போது “இது ஷெட்யூல் 1 குற்றம்தானே?” என்று கேளுங்கள். விவரம் தெரிந்து கேட்கும் பெற்றோரிடம் அதிகாரியும் சட்டத்தின்படியே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காவல் நிலையத்தில் பெற்றோர் செய்ய வேண்டியவை

கைது செய்த அதிகாரி, என்ன குற்றச்சாட்டு, என்னென்ன உரிமைகள், அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைக்கு விளக்க வேண்டும். பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ தகவல் சொல்ல வேண்டும். நன்னடத்தை அதிகாரிக்கு உடனடியாகவும், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். தகவல் வந்ததும், எந்தக் காவல் நிலையம் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பிடித்த பிள்ளையை அங்கேதான் வைத்திருப்பார்கள் என்று நீங்களாக முடிவுசெய்துகொண்டு போய் நின்றால் பாதி இரவு வீணாகிவிடலாம்.

அப்பா வெளியூரில் இருக்கிறார், அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்ற நிலையிலும் யாரும் போகாமல் இருக்கக் கூடாது. பெற்றோர் இல்லாதபோது குடும்பத்தைச் சேர்ந்த வேறொருவர் போகலாம். 16 வயது நிரம்பிய அண்ணனையோ அக்காவையோகூட இதற்குத் தகுந்தவராகச் சட்டம் ஏற்கிறது. சித்தப்பாவோ மாமாவோ பக்கத்தில் இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். 1860 முதல் இங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்களில் வழக்கறிஞர்களும் சமூகப் பணியாளர்களும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனாலும் கோயிலில் பழகிய ஒரு பெரியவரைக் கூப்பிட்டால் இரவு நேரத்திலும் கூடவே வந்து நிற்பார்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

காவல் நிலையத்தின் முன்பக்கத்துக்கு இங்கே சார்ஜ் ஆபீஸ் என்று பெயர். அங்கே பணியில் இருப்பவரிடம் நான்கு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வழக்கின் கேஸ் எண், குற்றச்சாட்டு, புலனாய்வு அதிகாரியின் பெயரும் தொடர்பு எண்ணும், கைது செய்த நேரம். கடைசி விவரத்தைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது. பிறகு வயதுச் சான்றைக் காட்டி, பிள்ளையை எழுத்து மூல அறிவிப்பின் பேரில் உங்களிடம் ஒப்படைக்கும்படி கேளுங்கள். முதல் அட்டவணைக் குற்றமானால், பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாதது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, போலீஸ் அவ்வாறு விடுவித்தாக வேண்டும். இரண்டாம் அட்டவணைக் குற்றமானால், அரசுத் தரப்பு வழக்கறிஞர் முதல் ஆஜருக்கு முன்பே ஜாமீன் அனுமதிக்க முடியும். மூன்றாம் அட்டவணைக் குற்றமானால், முடிவு மாஜிஸ்திரேட்டின் கையில் இருக்கிறது.

அறிவிப்பில் உள்ள தேதியைத் தவறவிட்டால் மாஜிஸ்திரேட் பிடியாணை பிறப்பிக்க முடியும். பிள்ளையோடு பெற்றோரும் அன்று நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். வேலையிடத்தில் உடனே விடுப்பு சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யாராவது பணம் கொடுத்தால் இப்போதே விட்டுவிடுவார்கள் என்று காதில் ஓதினால் கேட்காதீர்கள். லஞ்சம் கேட்பது எவ்வளவு குற்றமோ, கொடுப்பதும் அதே அளவுக்குக் குற்றம். பிள்ளைக்காகப் போன தகப்பன் தானே கைதாகி விசாவையும் சிக்கலில் மாட்டிவிடக் கூடும். எழுத்து மூலமாக ரசீது தந்து நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி வாங்கும் ஜாமீன் தொகை வேறு, கையில் கேட்கும் பணம் வேறு.

வாக்குமூலமும் கையெழுத்தும்

புதிதாக வந்த குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு கைதான ஒவ்வொருவருக்கும் மௌனமாக இருக்கும் உரிமையைத் தருகிறது. ஒப்புதல் வாக்குமூலம் தரும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. “ஒவ்வொருவருக்கும்” என்றால் வெளிநாட்டவருக்கும்தான். தடுத்து வைக்கப்பட்ட வெளிநாட்டவரும் இந்தப் பாதுகாப்புக்கு உரியவர்களே என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2004இல் உறுதிசெய்தது.

பிள்ளையை அடைக்கும்போது எஸ்.ஏ.பி.எஸ். 14ஏ என்ற படிவத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாள் அல்ல. ஏன் பிடிக்கப்பட்டாய், மௌனமாக இருக்கலாம், வக்கீலைப் பார்க்கலாம், வசதி இல்லையென்றால் அரசுச் செலவில் வக்கீல் கேட்கலாம் என்ற உரிமைகள் விளக்கப்பட்டன என்பதற்கான சான்று அது. புரிந்தால் கையெழுத்திடலாம், புரியாமல் கையெழுத்திடக் கூடாது. வார்னிங் ஸ்டேட்மென்ட் என்று போலீஸ் எழுதி வாங்கும் வாக்குமூலம் அதிலிருந்து முற்றிலும் வேறானது. சம்பவத்தைப் பற்றி அதில் சொல்வதெல்லாம் வழக்கு முழுவதும் கூடவே வரும். வக்கீல் வராமல் அதில் ஒரு வரியும் சொல்ல வேண்டியதில்லை. “வக்கீலிடம் பேசிய பிறகு நீதிமன்றத்தில் சொல்கிறேன்” என்று மட்டும் எழுதச் சொல்லலாம். சம்பவம் நடந்த இடத்தைக் காட்டு, பொருளை எங்கே வைத்தாய் காட்டு என்று வண்டியில் அழைத்துப் போவதும் சாட்சியமாகிவிடும் என்பதால், அதற்கும் வக்கீல் வரும்வரை சம்மதிக்க வேண்டாம்.

உண்மையைச் சொல்லிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மாக்கள் பிள்ளையிடம் அழுதுகொண்டே சொல்வதுண்டு. அந்த மனம் புரிகிறது. ஆனால் அதை வக்கீலிடம் சொல்லட்டும். வக்கீலிடம் சொல்வது வெளியே போகாது.

மொழி உரிமையையும் விட்டுவிடாதீர்கள். கைதானவருக்கு இந்தத் தகவல்கள் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும் என்றும், விசாரணை அவருக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும், இல்லையேல் மொழிபெயர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்றும் 35ஆம் பிரிவு கூறுகிறது. அதே அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, இந்நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதை மதிக்க வேண்டும் என்கிறது. பிள்ளைக்குப் பள்ளி ஆங்கிலம் தெரிந்திருக்கலாம். ஆனால் குற்றச்சாட்டின் சட்ட ஆங்கிலம் வேறு. சந்தேகம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்ட பிறகு ஏற்பாடாக நேரம் பிடிக்கும்.

இரவு உள்ளே தங்க நேர்ந்தால்

வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கைது என்று வைத்துக்கொள்வோம். 48 மணி நேரம் ஞாயிறு மாலை முடிகிறது. அன்று நீதிமன்றம் கிடையாது. எனவே அடுத்த நீதிமன்ற நாளான திங்கட்கிழமை முடிவதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினால் போதும். வார இறுதிக் கைதில் மூன்று இரவுகள் போய்விடக் கூடும் என்பதால்தான் முதல் சில மணி நேரத்திலேயே விடுவிக்கக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

உள்ளே இருக்கும்போது பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளையும், பெண் பிள்ளைகளிடமிருந்து ஆண் பிள்ளைகளையும் பிரித்து வைக்க வேண்டும். போதிய உணவு, தண்ணீர், போர்வை, படுக்கை, மருத்துவம் ஆகியவற்றுக்கு உரிமை உண்டு. பெற்றோர், வக்கீல், சமூகப் பணியாளர், மதகுரு ஆகியோர் பார்க்க அனுமதிக்க வேண்டும். ஆஸ்துமாவோ வலிப்போ சர்க்கரை நோயோ இருந்தால் மருந்தையும் மருத்துவர் சீட்டையும் கையோடு கொண்டுபோய்ச் சார்ஜ் ஆபீஸில் பதிவுசெய்யச் சொல்லுங்கள்.

பிள்ளையின் உடம்பில் காயம் தெரிந்தால் அன்றே நிலையப் பொறுப்பாளரிடம் சொல்லி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் கேளுங்கள். மருத்துவர் காயங்களைப் பதிவுசெய்யும் ஜே88 படிவம் பின்னாளில் மிக வலுவான சாட்சியம். காயங்களைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். போலீஸ் அடித்த புகாரை விசாரிப்பதற்கென்றே ஐபிட் எனப்படும் சுயேச்சையான புலனாய்வு இயக்குநரகம் இருக்கிறது. அங்கே புகார் தர நீங்கள் இந்நாட்டுக் குடியுரிமை பெற்றவராக இருக்கத் தேவையில்லை.

நன்னடத்தை அதிகாரியும் முதற்கட்ட விசாரணையும்

நன்னடத்தை அதிகாரி சமூகப் பணியாளர், போலீஸ்காரர் அல்லர். பிள்ளையின் படிப்பு, வீட்டுச் சூழல், நண்பர்கள், இதற்கு முன் ஏதேனும் சிக்கல் உண்டா என்பதையெல்லாம் கேட்டு அறிக்கை எழுதுவார். அவரிடம் பிள்ளை சொல்வதைப் பின்னால் ஜாமீன் மனுவிலோ வழக்கிலோ சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. பெற்றோர் அவரைச் சந்திக்கும்போது வீட்டு நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். பள்ளி ரிப்போர்ட் கார்டையும் எடுத்துச் செல்லுங்கள். கோயில் விழாவில் தொண்டு செய்கிறான், கால்பந்துக் குழுவில் இருக்கிறான் என்பன போன்ற சிறு விவரங்களும் அந்த அறிக்கையில் எடை பெறுகின்றன.

அடுத்து மாஜிஸ்திரேட் நடத்தும் முதற்கட்ட விசாரணை. அது கூண்டேற்றி நடத்தும் வழக்கு அல்ல. பிள்ளை, பெற்றோர், நன்னடத்தை அதிகாரி, அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஆகியோர் கூடிப் பேசும் முறைசாரா அமர்வு. பெரும்பாலும் அங்கேதான் டைவர்ஷன் என்ற வழி தீர்மானிக்கப்படுகிறது. அதாவது வழக்கைத் தொடராமல், மன்னிப்புக் கேட்டல், பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லுதல், சமூக சேவை, ஆலோசனை வகுப்பு போன்ற நிபந்தனைகளோடு பிள்ளையை விடுவிப்பது. அதை நிறைவேற்றி முடித்தால் தண்டனைப் பதிவு எதுவும் இருக்காது. ஆனால் அதற்குப் பிள்ளை தன் பொறுப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். செய்யாத குற்றத்தைச் சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக ஒப்புக்கொள்ள வைப்பது தவறு. அப்படி யாரும் அழுத்தம் கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உறவினர்களும் அந்த அழுத்தத்தைத் தரக் கூடாது.

டைவர்ஷன் இல்லாமல் வழக்கு, சைல்ட் ஜஸ்டிஸ் கோர்ட் எனப்படும் குழந்தைகள் நீதி நீதிமன்றத்துக்குப் போனால், பிள்ளைக்கு வக்கீல் கட்டாயம். வேண்டாம் என்று பிள்ளையே சொன்னாலும் நீதிமன்றம் ஏற்காது. நீங்கள் வக்கீல் வைக்காவிட்டால் லீகல் எய்ட் அமைப்பிடம் அனுப்புவார்கள். தீர்ப்பு நாளில் 14 வயது நிரம்பாத பிள்ளைக்குச் சிறைத் தண்டனை விதிக்க முடியாது.

பள்ளி வயதுப் பிள்ளையிடம் சொந்த உபயோகத்துக்கான கஞ்சா கிடைத்தால் குற்ற வழக்குப் போடுவது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சமூகப் பணியாளரின் உதவி. பள்ளிகளில் இது பலருக்கும் தெரிவதில்லை. விற்பனையில் ஈடுபட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

விசா, தூதரகம், வாட்ஸ்அப்

வெளிநாட்டவர் கைதானால் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்கலாம். இந்தியாவுக்குப் பிரிட்டோரியாவில் தூதரகமும், டர்பன், ஜோஹானஸ்பர்க், கேப் டவுன் நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன; இலங்கைத் தூதரகம் பிரிட்டோரியாவில் இருக்கிறது. தூதரகம் வழக்கு நடத்தாது. ஆனால் பாஸ்போர்ட் தொலைந்திருந்தாலோ ஊரிலிருந்து வயதுச் சான்று பெற வேண்டியிருந்தாலோ பெரிதும் உதவும். விசா காலாவதியாகியிருந்தால் அதை முதலில் வக்கீலிடம் சொல்லுங்கள்.

18 வயதுக்கு உட்பட்ட குற்றஞ்சாட்டப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. நம் சமூக வாட்ஸ்அப் குழுக்களில் பிள்ளையின் படத்தோடு “உதவுங்கள்” என்று போடும் பழக்கம் உண்டு. நல்ல எண்ணத்தோடு போட்டாலும் அந்தப் படம் திரும்பி வராது. உதவி வேண்டுமானால் தனித்தனியாக அழைத்துப் பேசுங்கள்.

18 நிரம்பிய அண்ணனுக்கு

கல்லூரிக்கோ கடை வேலைக்கோ போகும் 18 வயது நிரம்பிய இளைஞருக்குப் பெரும்பாலும் பெரியவர்களுக்கான சட்டமே பொருந்தும். 48 மணி நேரமும் மௌன உரிமையும் வக்கீல் உரிமையும் அவருக்கும் உண்டு. சிறு குற்றமானால் காவல் நிலையத்திலேயே ஜாமீன் கேட்கலாம். அவர் கவனமாக இருக்க வேண்டியது, குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம். சில நூறு ரேண்டைக் கட்டிவிட்டு இரவே வீடு திரும்பலாம் என்று கையெழுத்திட்டவர்கள், பின்னர் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கும்போதுதான் தம் பெயரில் குற்றப் பதிவு இருப்பதை அறிகிறார்கள். வக்கீலைக் கேட்காமல் அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம்.

பிள்ளைப் பருவத்தில் கிடைத்த தண்டனைப் பதிவை அழிக்கவும் வழி இருக்கிறது. முதல் அட்டவணைக் குற்றமானால் 5 ஆண்டுகளும், இரண்டாம் அட்டவணைக் குற்றமானால் 10 ஆண்டுகளும் கழித்து, இடையில் அதே போன்ற அல்லது அதைவிடக் கடுமையான குற்றத்துக்குத் தண்டனை பெறாமல் இருந்தால், நீதித் துறைக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். பிள்ளையோ பெற்றோரோ விண்ணப்பிக்கலாம். தீர்ப்பு நகலும் வழக்கு எண்ணும் அப்போது தேவைப்படும் என்பதால், நீதிமன்றத்தில் கொடுக்கும் ஒவ்வொரு தாளையும் அந்த முதல் உறையிலேயே சேர்த்து வையுங்கள்.